மாண்டிசோரி: ஒரு முறையும் அதன் மீதான வழக்குகளும்

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு எதையாவது முறையாகக் கற்பிக்க வேண்டுமா, இல்லை, தானாகக் கற்றுக்கொள்ள இடம் கொடுத்து விலகி நின்றால் போதுமா? இந்தக் கேள்விக்கு 250 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1762இல் ‘எமில்’ எழுதிய ரூசோ, பெரியவர்களின் அவசரத்திலிருந்து குழந்தைப் பருவத்தைக் காப்பதே முதல் கடமை என்றார். 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான கூடத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட ஃப்ரோபெல், விளையாட்டே அந்த வயதின் வேலை என்றார். நம் திண்ணைப் பள்ளிகளோ ஐந்து வயதில் ஏடு தொடக்கி, மணலெழுத்திலும் மனப்பாடத்திலும் பிள்ளையை நேரே இறக்கிவிட்டன. கோட்டு நோட்டில் எழுதச் சொல்லும் இன்றைய எல்.கே.ஜி. வகுப்பு, பெயரால் ஃப்ரோபெலின் வாரிசு. நடைமுறையால் திண்ணையின் வாரிசு.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952) சொன்ன பதில் இந்த இரு பக்கங்களில் எதிலும் முழுமையாக அடங்காது. எந்த வேலையை எடுப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்பதைக் குழந்தை முடிவு செய்யும். ஆனால் அலமாரியில் என்ன இருக்கும், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பெரியவர் முன்கூட்டியே கண்டிப்பாக முடிவு செய்திருப்பார். இப்படி நடுவில் நின்றதால், சுதந்திரம் போதாது என்று ஒரு சாராரும் வழிகாட்டுதல் போதாது என்று மறு சாராரும் நூறாண்டுகளாக இம்முறையைக் குற்றம் சாட்டி வருகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டுகளில் எவை காலத்தைத் தாண்டி நிற்கின்றன, அண்மைக் கால ஆய்வுகள் எதை உறுதி செய்கின்றன, தமிழ்க் குழந்தையைப் பொறுத்தவரை எவை இன்னும் தீராமல் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கம்: ஏழைகளின் குடியிருப்பு

இன்று மாண்டிசோரி என்றதும் குளிரூட்டிய அறையும் பெரிய கட்டண ரசீதும்தான் நினைவுக்கு வருகின்றன. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்ஸோ பகுதியில் திறக்கப்பட்ட முதல் ‘குழந்தைகள் இல்லம்’ அதற்கு நேர் எதிரானது. கூலிக் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பை ஒரு கட்டட நிறுவனம் சீர்ப்படுத்தியிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு சிறுபிள்ளைகள் படிக்கட்டையும் சுவர்களையும் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிய நிறுவனம் மாண்டிசோரியை அணுகியது. உலகப் புகழ்பெற்ற கல்வி இயக்கம் ஒன்றுக்குச் சுண்ணாம்புச் செலவை மிச்சப்படுத்தும் யோசனையும் ஒரு காரணம் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அவர் அங்கே வெறுங்கையோடு போகவில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் ஏற்கெனவே பணியாற்றியிருந்தார். அதற்குமுன் பிரான்ஸில் இட்டார், செகன் என்ற இரு மருத்துவர்கள், புலன்கள் வழியாக இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் உத்திகளையும் பொருள்களையும் உருவாக்கியிருந்தார்கள். ஒரு பெயரை அறிமுகப்படுத்தி, பிறகு அடையாளம் காட்டச் சொல்லி, கடைசியில் பெயரைச் சொல்லவைக்கும் மூன்று கட்டப் பாடம் செகனிடமிருந்து வந்தது. அந்தப் பொருள்களை இயல்பான வளர்ச்சி உடைய குழந்தைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்ததுதான் மாண்டிசோரியின் புதிய அடி.

கிடைத்தது அவரே எதிர்பாராதது. குழந்தைகள் ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பரிசுக்கும் மிட்டாய்க்கும் ஆசைப்படவில்லை. நான்கு வயதுப் பிள்ளைகள், மணல்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகியிருந்தவர்கள், திடீரென்று தரையிலும் சுவரிலும் எழுதத் தொடங்கினார்கள். 1909இல் அவர் இத்தாலிய மொழியில் வெளியிட்ட நூல் சில ஆண்டுகளுக்குள் பல மொழிகளுக்குப் போனது.

அந்த வகுப்பறையின் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மணியடிக்காது. ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர்வரை வளரும் பத்துக் கனசதுரங்களால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரத்தைக் குழந்தை தப்பாக அடுக்கினால், அந்தத் தப்பைக் கோபுரமே காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியை வாய் திறக்க வேண்டியதில்லை. அவருடைய முதன்மையான வேலை கவனிப்பது. எப்போது குறுக்கிடக் கூடாது என்று அறிந்திருப்பது.

இரு தரப்புக் குற்றச்சாட்டுகள்

முதல் பெரிய தாக்குதல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கில்பாட்ரிக் 1914இல் மாண்டிசோரி முறையை ஆய்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். புலன்களைத் தனித்தனியாகத் தீட்டினால் அந்தக் கூர்மை வாழ்க்கையின் எல்லாத் துறைகளுக்கும் பரவும் என்ற நம்பிக்கை, அன்றைய உளவியல் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய கருத்து என்பது அவர் வாதத்தின் உயிர்ப்பகுதி. எழுத்தையும் படிப்பையும் இவ்வளவு சீக்கிரம் கொண்டுவருவதையும் அவர் ஏற்கவில்லை. அதே காலத்தில் ஜான் டூயி, தம் மகளோடு எழுதிய நூலில், குழந்தைக்கு உடல் சுதந்திரம் உண்டு, ஆனால் பொருளை வேறு விதமாகப் பயன்படுத்திப் பார்க்கும் அறிவுச் சுதந்திரம் இல்லை என்ற பொருள்படச் சுட்டிக்காட்டினார். இந்த விமர்சனங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் மாண்டிசோரி அலை ஏறக்குறைய அடங்கிப்போய், 1960களில்தான் மறுபடி எழுந்தது.

கில்பாட்ரிக்கின் முதல் வாதத்துக்கு இன்றும் வலு இருக்கிறது. ஒரு திறனில் பெற்ற பயிற்சி தொலைவில் உள்ள இன்னொரு திறனுக்குத் தாவுவது அரிது என்பதே பிற்கால உளவியலும் பெரும்பாலும் கண்டது. கோபுரம் அடுக்குவதால் கணித மூளை வளரும் என்று விளம்பரப்படுத்துபவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய இரண்டாவது வாதம், நம் ஊரில் உலவும் ஒரு நம்பிக்கையைப் புரட்டிப் போடுகிறது. மாண்டிசோரி என்றால் ஆறு வயதுவரை எழுத்தே இல்லை என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். வரலாற்றில் அம்முறை மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அதற்கு நேர்மாறானது.

இன்னொரு வழக்கு கற்பனையைப் பற்றியது. தேவதைக் கதைகளும் பாவனை விளையாட்டும் சிறு குழந்தைக்கு உகந்தவை அல்ல, முதலில் மெய்யுலகைத் தெரிந்துகொள்ளட்டும் என்பது மாண்டிசோரியின் நிலை. பொம்மைப் பாத்திரத்தில் சமைப்பதைவிட உண்மையான கத்தியால் உண்மையான வாழைப்பழத்தை நறுக்குவதையே குழந்தை விரும்பும் என்றார். ஃப்ரோபெல் வழியினருக்கு இது கல்மனம். சோவியத் உளவியலாளர் விகோத்ஸ்கி, குச்சியைக் குதிரையாக்கும் விளையாட்டில்தான் குழந்தை பொருளிலிருந்து பொருண்மையைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்று 1930களில் வாதிட்டார். மாண்டிசோரி பள்ளிகளின் எழுத்துப் பயிற்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை. எழுதுவது கைத்திறனாகவே வருகிறது, எதையோ சொல்ல வேண்டும் என்ற தேவையிலிருந்து வரவில்லை என்பது அவர் குறை.

விகோத்ஸ்கியின் வாதம் அழகானது. அழகுக்கேற்ற சான்று பின்னர் சேர்ந்ததா என்பதே கேள்வி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் 2013இல் பாவனை விளையாட்டு பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது அறிவையும் மொழியையும் வளர்க்கிறது என்பதற்கான சான்றுகள் எதிர்பார்த்ததைவிட மெலிந்தவை என்று கண்டார்கள். லில்லார்ட் மாண்டிசோரி முறையை ஆதரித்து நூல் எழுதியவர் என்பதையும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும். இத்துறையில் முக்கியமான ஆய்வுகளில் பல அவர் கைபட்டவை. அதனால் அவை பொய்யாகிவிடா. ஆனால் தொடர்பற்ற ஆய்வாளர்கள் தனியே செய்து பார்த்த முடிவுகளுக்குக் கூடுதல் எடை தருவது நியாயம்.

அடையாறும் கொடைக்கானலும்

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒட்டவைத்த பங்கல்ல, உண்மையான பங்கு இருக்கிறது. ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் 1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறில் உள்ள தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். சில மாதங்களில் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அன்னைக்கு அடையாறை விட்டு வெளியேறத் தடை. அவருடைய எழுபதாம் பிறந்த நாளையொட்டி மாரியோவை வைஸ்ராய் விடுவித்தார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே பல வயதுக் குழந்தைகள் கலந்த சிறு பள்ளியில், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவின் துணையோடு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாடத்திட்டம் உருவானது. பாறை, செடி, விலங்கு, மனிதர் எல்லாவற்றையும் ஒரே கதையாக இணைக்கும் அந்தத் திட்டம் இன்று உலகெங்கும் மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளின் அடித்தளம். 1944இல் கொழும்பிலும் பயிற்சி நடந்தது. இலங்கையில் இன்றும் தமிழரும் சிங்களரும் முன்பள்ளி எதையும் பேச்சில் ‘மொண்டிசோரி’ என்றே சொல்வதுண்டு.

1949வரை இடையிடையே இங்கிருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். அவருடைய மிகப் பரவலான நூல், ஏற்கும் மனத்தைப் பற்றியது, 1949இல் அடையாறிலிருந்துதான் முதலில் வெளிவந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பற்றிய அவர் சிந்தனை இந்தியாவில் ஆழமானது என்பார்கள். தாயின் இடுப்பிலேயே சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் குழந்தை சுற்றியுள்ள மொழியையும் வழக்கத்தையும் அப்படியே உறிஞ்சுவதை அவர் இங்கே கண்கூடாகக் கண்டிருக்கக்கூடும்.

ஆனால் அடையாறு வழி வந்த மாண்டிசோரி நகரத்துப் படித்த வர்க்கத்தின் பள்ளிகளில் நிலைகொண்டது. பொருள்கள் துல்லியமாக வார்க்கப்பட வேண்டும், பயிற்சி உரிய அமைப்பின் வழியே நடக்க வேண்டும் என்ற விதிகள் தரத்தைக் காத்தன; விலையையும் ஏற்றின. 1931இல் லண்டன் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசிய காந்தி, இம்முறை ஏழைக் குழந்தைகளையும் எட்ட வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தைக் கையில் எடுத்தவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள்.

பாவ்நகரிலிருந்து பால்வாடிக்கு

வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேக்கா, மாண்டிசோரியைப் படித்துவிட்டு 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். மாண்டிசோரி இந்தியாவுக்கு வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. அவர் குருவின் சொல்லை அப்படியே பின்பற்றவில்லை. பொருள்களை வைத்துக்கொண்டார், அவற்றோடு கதை, பாட்டு, நாடகம் ஆகியவற்றையும் தாராளமாகச் சேர்த்தார். கதை இல்லாத குழந்தைப் பள்ளி குஜராத்தி வீட்டில் எடுபடாது என்பதை அறிந்திருந்தார். ஓர் ஆசிரியரின் கற்பனைச் சோதனையைச் சொல்லும் அவருடைய நூல் ‘பகல் கனவு’ என்று தமிழிலும் வந்து நம் ஆசிரியர்களிடையே வாசிக்கப்படுகிறது.

அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் இன்னும் தூரம் போனார். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான மையம் தொடங்கி, பின்னர் கோஸ்பாடில் அனுதாய் வாக்குடன் ஆதிவாசிக் குழந்தைகளிடம் சென்றார். குழந்தைகள் மையத்துக்கு வராவிட்டால் மையம் அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவருடைய வழி. கூழாங்கல், சிப்பி, விதை, இலை ஆகியவை இளஞ்சிவப்புக் கோபுரத்தின் இடத்தைப் பிடித்தன. 1975 அக்டோபர் 2 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயர் இந்த மரபிலிருந்து கிடைத்தது. தமிழ்நாட்டில் இன்று 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஊரில் அவற்றைப் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். பெயர் வந்த அளவுக்குக் கல்வி வரவில்லை. சமையல், எடை பார்த்தல், பதிவேடு, தடுப்பூசி நாள், தேர்தல் பணி ஆகியவற்றுக்கு நடுவே ஒரே பணியாளருக்குக் கற்பிக்கக் கிடைக்கும் நேரம் சொற்பம்.

இன்னொரு கிளையும் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுதும் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை பரவிய செயல்வழிக் கற்றலில் ரிஷிவேலி பள்ளியின் ஏணிப்படி முறையோடு மாண்டிசோரியின் சாயலும் இருந்தது. தரையில் பாய், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, வயது கலந்த குழுக்கள், அவரவர் வேகத்தில் எடுக்கும் அட்டைகள். ஒரு தனியார் சிந்தனையை அரசு இவ்வளவு பெரிய அளவில் முயன்று பார்த்தது அரிது. அட்டைகள் பெருகி, ஆசிரியர் எண்ணிக்கை பெருகாமல் போனபோது, பல பள்ளிகளில் அது அட்டையை நகர்த்தும் சடங்காகச் சுருங்கியது என்ற குறையையும் ஆசிரியர்கள் சொன்னார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

சோதனைகள் சொல்வது

மாண்டிசோரி பள்ளியில் படித்த பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று காட்டுவது சுலபம். அங்கே சேர்க்கும் பெற்றோர் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்கள். எந்தப் பள்ளியில் போட்டாலும் அவர்கள் பிள்ளைகள் நன்றாகவே படிப்பார்கள். இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரே நல்ல வழி குலுக்கல் சீட்டு. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாக உள்ள அரசு மாண்டிசோரி பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டால், பெற்றோரின் ஆர்வம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் இப்படி நடத்திய ஒப்பீட்டை லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட்டும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஐந்து வயதில் எழுத்தறிதல், எளிய கணக்கு, பிறர் மனநிலையைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றில் மாண்டிசோரி குழந்தைகள் முன்னே இருந்தார்கள். 12 வயதில் வேறுபாடுகள் குறைந்தன. ஆய்வு ஒரே பள்ளியைச் சார்ந்தது, எண்ணிக்கையும் சிறியது. 2017இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இரு பள்ளிகளில் 141 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஒரு படி மேலே போய், வருமானம் குறைந்த குடும்பக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி மாண்டிசோரி வகுப்பில் சுருங்கியதாகக் கண்டது. சான் லோரென்ஸோவின் நோக்கம் நூறாண்டுக்குப் பிறகு எண்களில் தலைகாட்டியது என்று சொல்லத் தோன்றும்; இரண்டே பள்ளிகளை வைத்து அவ்வளவு சொல்ல முடியாது.

லில்லார்ட் வட்டத்துக்கு வெளியே வந்த முக்கியமான ஆய்வு பிரான்ஸுடையது. லியோன் நகரை ஒட்டிய வோ-ஆன்-வெலன், வறுமை மிகுந்த புறநகர். அங்கே ஓர் அரசு மழலைப் பள்ளியில் குழந்தைகள் மாண்டிசோரி வகுப்புக்கும் வழக்கமான வகுப்புக்கும் முன்தேர்வின்றிப் பிரிக்கப்பட்டார்கள். 2021இல் வந்த முடிவு ஆதரிப்போர், எதிர்ப்போர் இரு தரப்புக்குமே உவப்பானதல்ல. மழலைக் கல்வியின் இறுதியில் வாசிப்பில் மாண்டிசோரி குழந்தைகள் தெளிவாக முந்தினார்கள். வசதியான வீட்டிலிருந்து தனியார் மாண்டிசோரிக்குப் போன பிள்ளைகளுக்கு இணையாக இருந்தார்கள். ஆனால் கணக்கிலும், தன்னடக்கத் திறனிலும், சமூகத் திறனிலும் வழக்கமான வகுப்புக் குழந்தைகளோடு வேறுபாடு இல்லை. பொன்மணி, எண் கோல் போன்ற கணக்குப் பொருள்களுக்குப் பேர்போன முறை கணக்கில் தனித்து நிற்காததும், எழுத்தில் தனித்து நின்றதும் யோசிக்க வைக்கின்றன. அங்கே நடந்தது நேரமும் பொருளும் குறைக்கப்பட்ட வடிவம் என்று ஆதரவாளர்கள் பதில் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போகும் எந்த முறையும் குறைக்கப்பட்டுத்தான் போகும் என்பதால், இந்தப் பதில் நமக்கு அதிகம் உதவாது.

2023இல் 32 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு முறையான மீளாய்வு, படிப்பிலும் படிப்புக்கு வெளியேயும் சிறிது முதல் மிதமான அளவுவரை நன்மை இருப்பதாக முடிவு செய்தது. 2025இல் அமெரிக்காவின் 24 அரசு மாண்டிசோரி பள்ளிகளில் 588 குழந்தைகளைக் குலுக்கல் வழி ஒப்பிட்ட, இதுவரை இவ்வகையில் பெரிய ஆய்வு வந்தது. மூன்று, நான்கு வயதில் வேறுபாடு தெரியவில்லை. ஐந்து, ஆறு வயதில் வாசிப்பு, நினைவாற்றல், தன்னடக்கத் திறன், சமூகப் புரிதல் ஆகியவற்றில் மாண்டிசோரி குழந்தைகள் மேலே வந்தார்கள். மழலைக் கல்வித் திட்டங்களின் பயன் போகப்போக மங்குவதே வழக்கம். இங்கே நேர்மாறாக இருந்தது. செலவும் மூன்று ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 13,000 டாலர் குறைவு. பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்கு உதவுவதால் ஓர் ஆசிரியருக்கு அதிகக் குழந்தைகள் இருக்கலாம் என்பது முதன்மையான காரணம். எச்சரிக்கை வேண்டிய இடமும் உண்டு: சீட்டெடுத்த குடும்பங்களில் எல்லாரும் ஆய்வுக்கு இசையவில்லை, கண்ட வேறுபாடுகளும் பிரமிக்கத்தக்க அளவில் இல்லை.

நன்மை உண்டு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எதனால் என்பதற்குத்தான் விடை இல்லை. பொருள்களாலா, வயது கலந்ததாலா, மணியடிக்காத மூன்று மணி நேரத்தாலா, பரிசும் மதிப்பெண்ணும் இல்லாததாலா, ஆசிரியையின் பயிற்சியாலா? மூலப் பொருள்களை மட்டும் வைத்த வகுப்பு, அவற்றோடு பிற விளையாட்டுப் பொருள்களும் ஒர்க்ஷீட்டும் கலந்த வகுப்பு, வழக்கமான வகுப்பு ஆகிய மூன்றையும் லில்லார்ட் 2012இல் ஒப்பிட்டபோது, ஓர் ஆண்டில் முதல் வகைக் குழந்தைகளே அதிகம் முன்னேறினார்கள். கலப்படம் பயனைக் குறைக்கிறது என்று இதைப் படிக்கலாம். கலக்காத ஆசிரியர்கள் பொதுவாகவே தேர்ந்தவர்கள் என்றும் படிக்கலாம்.

பெயர்ப் பலகை

கலப்படம் என்ற சொல் இங்கே மிகையல்ல. மாண்டிசோரி என்ற பெயரைத் தனியொரு அமைப்பு உரிமை கொண்டாட முடியாது என்று 1967இல் அமெரிக்க வணிகக்குறி வாரியம் முடிவு செய்தது. மாண்டிசோரியே 1929இல் நிறுவிய சர்வதேச அமைப்பு சான்றிதழ் தரலாம். தெருமுனையில் பலகை மாட்டுவதைத் தடுக்க முடியாது. இங்கேயும் நர்சரி, பிரைமரி, ப்ளே ஸ்கூல் என்ற வரிசையில் மாண்டிசோரியும் ஒரு பெயர். அலமாரியில் கோபுரத்தைப் பூட்டி வைத்து, நான்கு வயதுக் குழந்தைக்குத் தேர்வு அட்டவணை கொடுக்கும் இடங்களும் அந்தப் பெயரில் இருக்கின்றன. இதனால் ஆராய்ச்சி முடிவுகளை நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளுக்கு மாற்றிப் பொருத்துவது ஏறக்குறைய இயலாத காரியம்.

தமிழ் எழுத்தும் மணல்தாளும்

பிரெஞ்சு ஆய்விலும் பிறவற்றிலும் வலுவாக நிற்பது வாசிப்பு. ஆகவே நமக்கு முதன்மையான கேள்வியும் அதுதான்: ஐரோப்பிய அரிச்சுவடிக்காக உருவான எழுத்துப் பயிற்சி தமிழுக்கு எவ்வளவு பொருந்தும்?

மாண்டிசோரியின் வழி எளிது. ஒலியைக் கேள், அதற்குரிய எழுத்தைத் தடவு, பிறகு மரத்தாலோ அட்டையாலோ வெட்டிய எழுத்துகளை வரிசையாக வைத்துச் சொல்லை உருவாக்கு. படிப்பதற்கு முன் எழுதுவது வந்துவிடும். இத்தாலிய மொழியில் 21 எழுத்துகள். பெரும்பாலும் ஒலியும் எழுத்தும் ஒத்துப்போகும். எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே நிற்கும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. இது பயமுறுத்தும் எண் அல்ல, ஏனென்றால் உயிர்க்குறிகளைத் தனியே கற்றால் போதும் என்பது வழக்கமான பதில். இந்தப் பதில் பாதிதான் சரி. ‘கொ’ என்ற ஒலியில் ககரம் முதலில் கேட்கிறது; எழுத்திலோ கொம்பு முன்னே வந்து, கால் பின்னே போய், ககரம் நடுவில் சிக்கிக்கொள்கிறது. காதின் வரிசையும் கண்ணின் வரிசையும் இங்கே பிரிகின்றன. நகரும் எழுத்துகளின் அடிப்படையே இரண்டும் ஒன்று என்பதுதான். உகர, ஊகாரங்களில் கு, சு, து, மு என்று ஒவ்வொரு மெய்யும் ஒரு தினுசாக வளைகிறது. 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் றா, ணை, லை போன்றவற்றை ஒழுங்காக்கியது. உகர வரிசையைத் தொடவில்லை.

ஒலிப்பக்கம் இன்னொரு முடிச்சு. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலிகள். ஒரு குழந்தை வீட்டில் கேட்கும் ‘வாளப்பளம்’ புத்தகத்தில் வாழைப்பழம். கேட்ட ஒலியை எழுத்தாக்கு என்று சொன்னால், பேச்சுத் தமிழை எழுதும் குழந்தையைத் திருத்துவதா, விடுவதா? ஆசிரியை வாய் திறக்காமல் பொருளே பிழையைக் காட்ட வேண்டும் என்ற விதி இங்கே தடுமாறுகிறது. உயிர்மெய்யை ஒரே அட்டையாகக் கொடுப்பது, மெய்யையும் குறியையும் தனித்தனி நிறத்தில் கொடுப்பது என்று இரு வழிகள் உண்டு. முதல் வழியில் பெட்டி பெரிதாகும். இரண்டாவதில் ‘கொ’ உடையும். எது மேல் என்பதை ஊகத்தால் தீர்க்க முடியாது. பெரும்பாலான தனியார் பள்ளிகள் ஆங்கில வழியில் நடத்தி இந்தக் கேள்வியையே தவிர்த்துவிடுகின்றன. இத்தனைக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டு தமிழைவிடப் பல மடங்கு ஒழுங்கற்றது.

விரலால் எழுத்தைத் தடவிக் கற்பது மட்டும் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல், அதை எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாகவே வெளியிட்டார். பெரிய மாணவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் அவர் நூலின் சாரம். இதிலிருந்து மாண்டிசோரிக்கு ஒரு கோடு இழுத்துப் பெருமைப்படுவது தவறு. அதற்குச் சான்று இல்லை. தொடுபுலனும் வயதுக் கலப்பும் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஞ்சி நிற்பவை

தொகுத்துப் பார்த்தால் கில்பாட்ரிக்கின் பயிற்சித் தாவல் வாதம் நிலைக்கிறது. சிறுவயதில் எழுத்து கேடு என்ற அவர் அச்சம் நிலைக்கவில்லை. கற்பனையைப் பற்றிய சர்ச்சையில் எந்தப் பக்கமும் வென்றுவிடவில்லை. கிஜுபாய் செய்ததுபோல் கதையைச் சேர்ப்பதால் முறை கெடுகிறதா என்பதை இந்திய வகுப்பறையில்தான் பார்க்க வேண்டும். வாசிப்பில் நன்மை என்ற முடிவு ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் வந்திருப்பதால் அதை நம்பலாம். கணக்கில் நன்மை என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 12 வயதுக்குப் பின் என்ன மிஞ்சும் என்பதற்குச் சான்று குறைவு. செலவு குறைவு என்ற கணக்கு அமெரிக்க ஆசிரியர் சம்பளத்தைச் சார்ந்தது. ஓர் அங்கன்வாடிக்கு ஒரே பணியாளர் என்ற நிலையில் அது செல்லாது.

நமக்கு நேரடியாகப் பேசும் சோதனை ஒன்று இங்கேயே நடந்தது. அதற்கும் மாண்டிசோரிக்கும் தொடர்பில்லை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கலில் பாதிக்கு அரை நாள் வேலைக்கு முன்பருவக் கல்விப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. எந்த முறை என்ற வாதத்துக்கு முன்பே எத்தனை கைகள், எவ்வளவு நேரம் என்ற கணக்கு வந்துவிடுகிறது.

தமிழ்நாடு 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றில் சிலவற்றை வயது கலந்த அறை, இடையறாத காலை நேரம், தமிழ் எழுத்துக்கென்று வடிவமைத்த தொடு அட்டைகள், இரண்டாவது பணியாளர் என்ற ஏற்பாட்டுக்கு மாற்றி, மற்றவற்றோடு நான்கைந்து ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்க்க அரசிடம் இடமும் இருக்கிறது, குழந்தைகளும் இருக்கிறார்கள். பலகையைப் பார்த்துப் பணம் கட்டப்போகும் பெற்றோர் அதுவரை காத்திருக்க முடியாது. அவர்கள் காலையில் ஒரு மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கட்டும். தராத பள்ளியில் சேர்க்க வேண்டாம்.